பிரிவுக்குப் பிறகு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்புதல்: யாழ்ப்பாணக் கிராமத்தில் முதல் ஆறு மாதத்துக்கான முழுமையான வழிகாட்டி

கணவரைப் பிரிந்து, கொழும்பிலோ வேறு பட்டினத்திலோ இருந்த வாடகை வீட்டை விட்டு, பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் தாய் தகப்பனின் வளவுக்குத் திரும்பும் பெண்களுக்காக இது எழுதப்படுகிறது. பிள்ளைகளோடு திரும்பும் தகப்பனுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

இங்கே சிக்குப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்ய வேண்டியதைச் செய்யாததால் சிக்குப்படுவதில்லை. ஒழுங்கு மாறிச் செய்வதால்தான் சிக்குப்படுகிறார்கள். வந்து இறங்கிய கிழமையே தையல் மெஷினுக்குக் கடன் எடுத்துவிட்டு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்துக்காக மூன்று மாதம் அலைவார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை முடிந்தவரை மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் எந்தப் பேப்பரையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாளுக்கும், முழுக் கட்டளை 12 மாதம் வரைக்கும் கிடைக்கும்.

1. வெளிக்கிட முதல் சேர்க்க வேண்டிய பேப்பர்கள்

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு கையொப்பத்துக்காக அந்தத் தூரம் திரும்பிப் போவது ஒரு கிழமைச் செலவு. அதனால்தான் இது முதலாவது.

ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் இவை இருக்கட்டும்: உங்கள் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், ஒவ்வொரு பிள்ளையினதும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு (தடுப்பூசி எழுதிய புத்தகம்), பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கடைசித் தவணை அறிக்கை, வங்கிப் புத்தகங்கள், காணி உறுதி இருந்தால் அதன் பிரதி, அடகுச் சீட்டுகள்.

கணவரின் அடையாள அட்டை இலக்கம், வேலை செய்யும் இடத்தின் முகவரி, சம்பளத் துண்டு ஒன்றின் படம் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். இதைச் செய்யப் பலருக்குக் கூச்சம். ஆனால் பிறகு தாபரிப்பு (மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக் காசு) வழக்கில் அவரின் வருமானம் என்ன என்று நீங்கள் காட்ட வேண்டி வரும்போது, "தெரியாது" என்ற பதிலோடு நிற்பது பிள்ளைகளின் சோற்றில்தான் போய் முடியும்.

நகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எது சீதனமாக வந்தது, எது பிறகு வாங்கியது, எது அடகில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடகுச் சீட்டு கணவரின் பெயரில் இருந்தால் மீட்கும் கடைசித் திகதியையும் குறியுங்கள். நகை ஏலத்தில் போன பிறகு அது யாருடையது என்று வாதாடிப் பயனில்லை.

பொதுவான பிழை: மூலப் பத்திரங்களைச் சூட்கேசில் வைத்து லொறியில் ஏற்றுவது. கோப்பு உங்கள் கைப்பையில் வரட்டும். ஒவ்வொன்றின் படத்தையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால், கைபேசி தொலைந்தாலும் படம் இருக்கும்.

2. போகிறோம் என்று எழுத்தில் அறிவித்தல்

பிள்ளைகளோடு எங்கே போகிறீர்கள், எந்த ஊரில், யாருடைய வீட்டில், எந்தத் தொலைபேசியில் பேசலாம் என்று கணவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். நான்கு வரி போதும். ஏச்சு, கண்ணீர் எதுவும் அதில் வேண்டாம்.

இதற்கு இரண்டு காரணம். பிள்ளைகளை ஒளித்துக் கொண்டுபோனாள் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. மற்றது, இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு இருவரும் ஒத்துக்கொண்டது மட்டும் போதாது. சோரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். வீட்டை விட்டு வெளியேறியவர் நீங்கள் என்பதால், கைவிட்டுப் போனவர் என்ற குற்றச்சாட்டு உங்கள் பக்கம் திரும்பக்கூடும். ஏன் வெளியேறினீர்கள் என்பதற்கான பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலைத் துண்டு, செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். கோபத்தில் செய்திகளை அழித்துவிட்டு "மனம் ஆறிப்போச்சு" என்று சொல்கிறவர்கள் ஆறு மாதத்தில் வருந்துவதுண்டு.

3. எந்த மாதம் நல்லது

தெரிவு உங்கள் கையில் இருந்தால் பள்ளித் தவணை முடிவில் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். வடகீழ்ப் பருவ மழை அப்போதுதான்: கூரை ஒழுகும், கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கும், டெங்கும் அதைத் தொட்டு வரும். பிள்ளை தரம் 5 புலமைப்பரிசிலுக்கோ சாதாரண தரத்துக்கோ விண்ணப்பித்துவிட்ட ஆண்டென்றால், பரீட்சை முடியும் வரை பொறுக்க வழியுண்டா என்று பாருங்கள்.

4. வீடு யாருடைய பெயரில்?

இதை வந்த பிறகு கேட்கலாம் என்று விடுவதுதான் யாழ்ப்பாணத்தில் மிகப் பெரிய பிழை. இங்கே வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். நீங்கள் "அம்மா வீடு" என்று நினைத்து வருகிற வீடு, தங்கச்சியின் சீதன உறுதியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம். அம்மாவும் அப்பாவும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும் வரை உங்களை வைத்திருக்க முடியும். அதற்குப் பிறகு முடிவு தங்கச்சியுடையது. அவள் கணவரின் முகமும் அதற்குள் இருக்கும்.

ஆகவே உறுதியை எடுத்து மூன்றைப் பாருங்கள்: உரிமை யாருக்கு, சீவிய உரித்து யாருக்கு, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எப்படி எழுதியிருக்கிறது. பங்குக் கிணறு என்றால் உங்கள் பங்குக்கு மோட்டர் பூட்டலாமா என்பதும் அயலாரோடு பேசித் தீர்க்க வேண்டிய விடயம். உறுதி வீட்டில் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம்.

உங்களுக்கே சீதன வீடு இருந்து, அதில் கணவர் இருக்கிறார் என்றால் கதை வேறு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சீதனமும் முதுசமும் (பரம்பரையாக வந்த சொத்தும்) பெண்ணின் தனிச் சொத்து. ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவர் கைவிட்டுப் போனார், பிரிந்து வாழ்கிறார், இருக்கும் இடம் தெரியாது, நியாயமில்லாமல் சம்மதம் மறுக்கிறார் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். சம்மதம் இல்லாமல் காணியை ஈடுவைத்துக் காசு வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

திருமணத்துக்குப் பிறகு உழைப்பில் வாங்கிய காணி, வீடு தேடிய தேட்டம் என்ற கேள்விக்குள் வரும். அதைப் பற்றி ஏதும் எழுதிக் கையொப்பம் கேட்டால், உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணி வாசிக்கும் முன் போடாதீர்கள். கணவர் பக்கத்து நொத்தாரிசு "சும்மா ஒரு கடுதாசி" என்று சொன்னாலும்தான்.

5. வீட்டாரோடு முதல் கிழமையிலேயே பேச வேண்டியவை

முதல் பத்து நாள் எல்லோரும் அன்பாக இருப்பார்கள். நல்ல சாப்பாடு வரும், ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். ஏற்பாடுகளைப் பேச வேண்டிய நேரம் அதுதான். பிறகு பேசினால் அது சண்டையாகக் கேட்கும்.

எந்த அறை உங்களுடையது என்று கேளுங்கள். விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பது ஒரு மாதம் சரி. அதற்குமேல் வயசுப் பிள்ளைகளுக்குச் சரிவராது. பூட்டுப் போடக்கூடிய ஒரு அலுமாரியாவது வேண்டும். உங்கள் கோப்பு அதற்குள்தான் இருக்கப் போகிறது.

செலவில் உங்கள் பங்கை அம்மாவின் கையில் காசாகக் கொடுப்பதைவிட, ஒரு குறிப்பிட்ட செலவை உங்களுடையதாக எடுத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. மின்சாரக் கட்டணமும் அரிசியும் என்று வையுங்கள். கையில் கொடுத்த காசு மாத முடிவில் யாருடைய கண்ணிலும் படாது. நீங்கள் கட்டிய கரண்ட் பில் சுவரில் தொங்கும். தம்பியின் மனைவி அதே வீட்டில் இருந்தால் இது இரண்டு மடங்கு முக்கியம்.

குசினி பற்றியும் பேசுங்கள். ஒரே அடுப்பா, இரண்டு அடுப்பா? தனி அடுப்பு வைத்தால் பிரிவினை என்று அம்மா நினைக்கலாம். ஆனால் காலை ஐந்தரைக்குப் பள்ளிச் சாப்பாடு கட்ட வேண்டிய ஒருவருக்கும், ஏழு மணிக்குத் தேத்தண்ணி போடும் ஒருவருக்கும் ஒரே அடுப்பு போதாது. பத்தியில் ஒரு சின்னக் காஸ் அடுப்பு வைத்து, மத்தியானச் சமையல் மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

பிள்ளைகளை அடிப்பது, ஏசுவது, அவர்களுக்கு முன்னால் தகப்பனைத் திட்டுவது. இந்த மூன்றிலும் முடிவு உங்களுடையது என்று அம்மப்பாவிடமும் மாமாவிடமும் மரியாதையாக, ஆனால் முதலாவது தடவையே சொல்லிவிடுங்கள்: "அப்பா, அவரைப் பற்றிப் பிள்ளையளுக்கு முன்னாலை ஒண்டும் கதைக்க வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

வெளிநாட்டுச் சகோதரர்கள் உதவி செய்ய முன்வந்தால், தொகையாக ஒருமுறை கேட்பதைவிட மாதம் ஒரு சின்னத் தொகையை ஆறு மாதத்துக்கு என்று கேளுங்கள். பெரிய தொகையோடு கனடாவிலிருந்து பெரிய ஆலோசனைகளும் வரும். அது கொஞ்சக் காலத்தில் பாரமாகும்.

6. விதானையார், பிரதேச செயலகம், மிட்வைஃப்

ஊரில் எந்தக் கதவும் கிராம சேவையாளரின், ஊர் வாயில் விதானையாரின், கடிதம் இல்லாமல் திறக்காது. முதல் கிழமையிலேயே அவரின் அலுவலக நாளைக் கேட்டறிந்து போங்கள். வயல், கூட்டம் என்று மற்ற நாள்களில் அவர் வெளியில் இருப்பார்.

அவரிடம் செய்ய வேண்டியவை: வதிவிடத்தைப் பதிவது, வதிவிடக் கடிதம் பெறுவது, அடுத்த வாக்காளர் இடாப்புத் திருத்தத்தில் உங்கள் பெயரை இந்த முகவரியில் சேர்க்கச் சொல்வது. இடாப்பு வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்தப்படும். தவறவிட்டால் தரம் 1 அனுமதியில் வதிவிடத்தைக் காட்டுவதற்கு அது பெரிய ஓட்டை. அடையாள அட்டையின் முகவரி மாற்றமும் அவரின் ஊடாகத்தான்.

பிரிந்து வந்திருப்பதை அவரிடம் நேரே சொல்லுங்கள். அஸ்வெசும போன்ற அரச நலன்புரி உதவிகள் குடும்பத்தை அலகாகக் கொண்டவை. பழைய முகவரியில் கணவரின் குடும்பத்துக்குள் உங்கள் பெயர் இருந்தால், இங்கே போடும் விண்ணப்பம் சிக்கும். சிலர் உங்களைச் சேர்த்து வைக்க முயல்வார்கள். கேட்டுக்கொள்ளலாம், ஆனால் நீதிமன்றத்துக்குப் போக அவர்களின் அனுமதி தேவையில்லை.

யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களிலும் பெண்கள், சிறுவர் விடயங்களுக்கென்று உத்தியோகத்தர்கள் உண்டு. வதிவிடக் கடிதத்தோடு போய் உங்கள் விபரத்தைப் பதியுங்கள். தையல், உணவு பதனிடல் பயிற்சிகள் வரும்போது அழைப்பது அந்தப் பட்டியலிலிருந்துதான்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம், ஊர் வாயில் மிட்வைஃப் மிஸ்ஸிடம், பதிவேட்டைக் காட்டுங்கள். இடம்பெயர்வில் தவறுவது பெரும்பாலும் தடுப்பூசித் திகதிதான்.

7. பள்ளிக்கூடம்

அருகில் உள்ள பள்ளிக்கூடம் எது என்பதைவிட, பிள்ளை படித்த மொழியிலும் பாடங்களிலும் அங்கே வகுப்பு உண்டா என்பது முதற் கேள்வி. கொழும்பில் ஆங்கில மொழி மூலத்தில் கணிதம் படித்த பிள்ளைக்கு ஊர்ப் பள்ளியில் தமிழில் மட்டும் இருக்கலாம். தரம் 10, 11 என்றால் தொகுதிப் பாடங்களை எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இல்லாத பாடத்துக்கு இடையில் மாறுவது பிள்ளைக்குப் பெரிய அடி.

தரம் 1 என்றால் அந்த ஆண்டு ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். இடையில் சேர்ப்பதென்றால் விடுகைப் பத்திரம், பிறப்புப் பத்திரம், தவணை அறிக்கை, வதிவிடக் கடிதம் ஆகியவற்றோடு அதிபரைப் பாருங்கள். இடமில்லை என்றால் சண்டை பிடிக்காமல் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள்; உங்கள் பள்ளி எதற்குள் என்று முதலில் பாருங்கள்.

தகப்பன் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். பெயரை எழுதுங்கள், பாதுகாவலர் இடத்தில் உங்களை எழுதுங்கள். பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். ரீச்சருக்கு ஒரே வரியில் நிலைமையைச் சொன்னால் போதும். சொல்லாவிட்டால், "அப்பாவைப் பற்றி எழுதுக" என்ற கட்டுரை நாளில் பிள்ளை அழும். ரீச்சர் காரணம் தெரியாமல் நிற்பார்.

8. கிணறு

பட்டினத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் வயிற்றோட்டம் வந்தால் பெரியவர்கள் "தண்ணி மாறினது" என்பார்கள். பாதி உண்மை. மீதி, கிணறு நீண்ட நாள் பாவிக்காமல் கிடந்திருக்கும்.

குளோரின் போடும் முறை இது. முதலில் தண்ணீரின் அளவைக் கணியுங்கள். கிணற்றின் குறுக்களவு 10 அடி, தண்ணீர் 6 அடி என்றால்: 3.14 × 5 × 5 × 6 = 471 கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர். ஆக ஏறத்தாழ 13,300 லீற்றர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 33 கிராம் வரும்.

அந்தப் பவுடரை ஒரு வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழையுங்கள். முக்கால் வாளிக்குத் தண்ணீர் நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் அடைய விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் வார்த்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றுக்குள் போட்டால் தண்ணீர் கடினமாகும். குறைந்தது ஒரு மணித்தியாலம் யாரும் அள்ளக்கூடாது. இரவில் போட்டு விடிய அள்ளுவது வசதி.

பிழைகள்: திறந்து கிடந்த பழைய பவுடரைப் பாவிப்பது (குளோரின் போயிருக்கும்), கைக்கணக்கில் அள்ளிப் போடுவது, பவுடரை நேரே கிணற்றுக்குள் தூவுவது. வெள்ளம் இறங்கிய கிணறென்றால் இந்த அளவு போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அவர் சொல்லும் அளவைப் போடுங்கள்.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். வலிகாமத்தில் வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் பசளையின் நைத்திரேற்று இறங்கியிருக்கும். அதற்குக் குளோரினும் உதவாது, கொதிக்க வைப்பதும் உதவாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிறீர்கள் என்றால், சோதிக்காத தோட்டக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். குழந்தை நீலம் பாயும் நோய் வரலாம். சோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேளுங்கள்.

தீவுப்பகுதியிலும் கடற்கரையோரத்திலும் மோட்டரை நீள ஓட விடாதீர்கள். நிலத்தடியில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதந்து கிடக்கிறது. ஒரேயடியாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள்.

கிணறு இறைத்துத் துப்புரவாக்க ஆள் பிடித்தால், எண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட அனுமதிக்காதீர்கள். அதன் புகையில் உள்ளே நிற்பவர் உயிரிழப்பார்.

கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் கிட்ட இருக்கக்கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகளால் அழுக்கு வேகமாக ஓடும். இன்னும் தள்ளியிருந்தால் இன்னும் நல்லது. கக்கூஸ் வெளியில் கோடிப்பக்கம் இருந்தால் வழிக்கு ஒரு மின்குமிழ் போடுங்கள், டோர்ச் இல்லாமல் இரவில் பிள்ளையை இறக்காதீர்கள். புடையனும் விரியனும் இங்கே உண்டு; மாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயமே இராது.

9. தாபரிப்பு வழக்கு

இதைத் தள்ளிப்போடுவது வழக்கம்: "அவராத் தருவார்", "ஊர் சிரிக்கும்". ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குள் காசு ஒழுங்காக வராவிட்டால் போட்டுவிடுங்கள். விவாகரத்து முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு நீதிமன்றம். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில், தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தில்.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, தன்னைத்தான் பராமரிக்க இயலாத மனைவிக்கும், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், தேவை காட்டப்பட்டால் 18 முதல் 25 வயது வரையான பிள்ளைக்கும் கேட்கலாம். நீங்கள் இப்போது வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் உங்கள் பொலிஸ் பிரிவு எதற்குள் என்று கேட்டறியுங்கள். விதானையாரின் கடிதத்தை முதலில் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கொண்டுபோக வேண்டியது ஒரு மாதச் செலவுப் பட்டியல். "பிள்ளைக்கு நிறையச் செலவு" என்பது எடுபடாது. அரிசி, பால்மா, பள்ளி வான், கொப்பி, ரியூசன், மருந்து என்று பிரித்து, துண்டுகளோடு எழுதுங்கள். காசு வங்கிக் கணக்குக்கே வரட்டும் என்று கேளுங்கள். கையில் கொடுத்தது, கொடுக்காதது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. நிரந்தர வேலையில் இருப்பவர் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்து கழிக்கக் கட்டளை கேட்கலாம். வழக்குத் தவணைக்குத் தவறாமல் போங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் வருமான விபரத்தோடு போய்க் கேளுங்கள்.

10. கடன் இல்லாத வருமானம்

முதல் ஆறு மாதம் குழுக்கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கும் கடன் அது. உங்கள் வருமானமோ மாதத்துக்கு ஒருமுறை, அல்லது அறுவடைக்கு ஒருமுறை. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஊரில் புதிதாகக் கால் ஊன்றுகிற ஒருவருக்கு அயலட்டையோடு பகை வர இதைவிட வேகமான வழி இல்லை.

இடியப்பம், பிட்டு செய்து கடைக்குப் போடலாம் என்று எண்ணினால், முதலில் மூன்று நாள் கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ மாவில் எத்தனை வந்தது, தேங்காய், விறகு, பொதி செய்யும் தாள், திரும்பி வந்த மிச்சம், நீங்கள் எழும்பிய நேரம். மிச்சம் திரும்பி வந்தால் யார் பொறுப்பு என்று கடைக்காரரோடு முன்பே பேசுங்கள். பலரின் லாபம் அந்த மிச்சத்தில்தான் கரைகிறது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சேருங்கள், கூட்டத்துக்குப் போங்கள். சுழற்சிக் கடன் அங்கே கிடைக்கலாம். அதைவிட, யார் வீட்டில் தையலுக்கு ஆள் தேவை என்ற செய்தி அங்கேதான் வரும்.

11. வளவிலிருந்து கறி

பெரிய தோட்டம் போடாதீர்கள். 10 அடிக்கு 3 அடியில் மூன்று கீரைப் பாத்தி போதும். ஒரு தேக்கரண்டி கீரை விதையை ஒரு பேணி மணலோடு கலந்து தூவுங்கள். மணல் சேர்க்காவிட்டால் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் முளைக்கும். பத்து நாளைக்கு ஒரு பாத்தியாகப் போட்டால், முதலாவது 25 முதல் 30 நாளில் பிடுங்க வரும், பிறகு இடைவெளி விழாது. எறும்பு விதையைக் கொண்டுபோகும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவலாம்.

முருங்கைக்கு, கை மொத்தத்தில் நான்கு அடிக் கதியால் ஒன்றை ஒன்றரை அடி ஆழத்துக்கு நடுங்கள். வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் நட்டால் அழுகும். மழைக்குப் பிறகு மசுக்குட்டி ஏறும்; பிள்ளைகளை அந்த மரத்துக்குக் கீழே விளையாட விடாதீர்கள்.

ஊர்க்கோழி ஐந்து போதும். கீரிக்காக நிலத்திலிருந்து உயர்த்திய கூடு, இரவில் கதவு. குஞ்சு முட்டையிட ஐந்தாறு மாதமாகும் என்பதால், வளர்ந்த பேடுகளாக வாங்குவது தொடக்கத்துக்கு நல்லது.

12. ஊரின் கேள்விகளும் நல்லது கெட்டதும்

ஒழுங்கையில் நடந்தால் கேட்பார்கள்: "ஏன் பிள்ளை, மனுசன் வரேல்லையோ?" பொய் சொல்லாதீர்கள். "லீவுக்கு வந்திருக்கிறம்" என்றால் அந்தப் பொய்யைப் பிள்ளையும் தூக்க வேண்டும். இரண்டாம் மாதம் அது உடையும். ஒரே பதிலை எல்லோருக்கும் வையுங்கள்: "நாங்கள் இப்ப தனியத்தான் இருக்கிறம் மாமி. பிள்ளையள் இனி இஞ்சைதான் படிக்கினம்." உடனே அவரின் முழங்கால் நோவைக் கேளுங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

செத்தவீட்டுக்கு, உங்களுக்குச் சொல்லி அனுப்பாவிட்டாலும் போங்கள். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுக்குப் போகாததை மறப்பார்கள். செத்தவீட்டுக்குப் போகாததை மறக்கமாட்டார்கள். சாமத்தியவீடு, கலியாணத்தில் ஆலாத்திக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கணக்குகள் உங்களைக் குத்தக்கூடும். முதல் வருடம் நெருங்கிய வீடுகளுக்கு மட்டும் போய், பந்திக்கு நின்று, வேலை செய்து, வீடு திரும்பலாம்.

கணவர் பக்கத்தில் ஒரு இழப்பு என்றால் பிள்ளைகளை அனுப்புங்கள். அப்பம்மா, அப்பப்பாவோடு உள்ள உறவு உங்கள் வழக்கோடு சேர்ந்ததல்ல. தகப்பனின் தொலைபேசிக்கு கிழமையில் ஒரு நாளும் நேரமும் குறித்து வையுங்கள். அவர் எடுக்காத கிழமையில் பிள்ளையிடம் காரணம் கற்பிக்காதீர்கள். காசு, வழக்குத் திகதி, கோபம் எதையும் பிள்ளை மூலம் சொல்லி அனுப்பாதீர்கள்.

விடுமுறைக்கு அப்பம்மா வீட்டுக்கு அனுப்பும்போது உடுப்பு, மருந்து, திரும்பும் நாள் எழுதிய தாள் ஒன்று பையில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் "அங்கை என்ன சொன்னவை?" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டதா, குளித்ததா என்று கேளுங்கள். மிச்சத்தை இரவு விளக்கணைத்த பிறகு பிள்ளையே சொல்லும்.